ஏற்காட்டில் திருகிய ஸ்க்ரூ சேலத்தில் பிஸ்டனைத் தின்னும்: சின்ன செயின்சாவில் இழுவை ஏற்றுவது

ஏற்காட்டு காபி எஸ்டேட்டில் சில்வர் ஓக் நிழல் கழிக்கவும், கீழே இறங்கி அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி பக்கம் பட்டுப்போன தென்னையையும் புளியையும் துண்டு போடவும் பலரிடம் இருப்பது ஒரே மெஷின்தான். பெரும்பாலும் 32 சிசி ஸ்டில் எம்எஸ் 180. இல்லாவிட்டால் பெட்டியில் '58 சிசி' என்று அச்சடித்த சீன மெஷின். அந்த 58-ல் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 45.2 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) 34 மி.மீ.; கணக்குப் போட்டால் 54.6 சிசிதான் வரும். இரண்டு மெஷினுக்கும் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: இன்னும் கொஞ்சம் இழுவை ஏற்ற முடியுமா?

முடியும். ஆனால் வரிசை முக்கியம். பலர் நேராக சிலிண்டரைக் கழற்றி போர்ட்டை, அதாவது சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போய்வரும் துளையை, ராவுகிறார்கள். அது கடைசி வேலை. முதலில் செயின், பிறகு காற்றுக் கசிவு, பிறகு சைலன்சர், அதோடு கூடவே கலவை, அதாவது கார்புரேட்டரில் காற்றும் பெட்ரோலும் சேரும் விகிதம். இந்த நான்கையும் ஒழுங்காகச் செய்தால் பத்தில் எட்டு மெஷினுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. அதிலும் மலைக்கும் சமவெளிக்கும் மாறிமாறிப் போகிற மெஷினுக்குக் கலவை விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். இங்கே எரிந்து போகிற பிஸ்டன்களில் பெரும்பங்கு அதில்தான் போகிறது.

உயரக் கணக்கு

சேலம் டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கும்போது காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட 11 சதவீதம் குறைந்துவிடுகிறது. எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் இழுக்கும் காற்று அவ்வளவு குறைவு. பவரும் ஏறக்குறைய அதே அளவு இறங்கும். இது மெஷினின் கோளாறு அல்ல. கார்புரேட்டர் மட்டும் பெட்ரோலை அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளாது. அதனால் மேலே கலவை ஐந்தாறு சதவீதம் தடித்துப்போகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகிவிடும்: புகை கூடும், பிக்கப் மந்தமாகும், பிளக் கருப்படையும்.

இங்கே இன்னொரு ஏமாற்றமும் உண்டு. கம்ப்ரஷன் கேஜை சேலத்தில் மாட்டினால் 150 பிஎஸ்ஐ காட்டுகிற எஞ்சின், ஏற்காட்டில் 130 சுற்றில்தான் காட்டும். வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதுதான் காரணம். இது தெரியாமல் "ரிங் போயிருச்சு" என்று நல்ல சிலிண்டரைப் பிரித்துப் புது ரிங் போடுவது வீண் செலவு. மேலே எடுத்த ரீடிங்கை மேலே எடுத்த பழைய ரீடிங்கோடுதான் ஒப்பிட வேண்டும். சூடான எஞ்சினில், த்ராட்டிலை முழுதாகத் திறந்து, ஊசி ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை ஆறேழு முறை இழுத்துப் பாருங்கள். சேலத்தில் 120-க்குக் கீழே வந்தால் மாற்ற வேலை எதையும் தொடங்காமல் முதலில் ரிங், பிஸ்டனைப் பாருங்கள். தேய்ந்த எஞ்சினில் செய்கிற மாடிஃபிகேஷன் அதைச் சீக்கிரம் கொல்லும், அவ்வளவுதான்.

செயினில் கிடக்கும் குதிரைசக்தி

மழுங்கிய செயினை வைத்துக்கொண்டு எஞ்சினைக் குறை சொல்வதைப் போல வேறு அநியாயம் இல்லை. எம்எஸ் 180-ல் வருவது 3/8 லோ ப்ரொஃபைல் செயின். இதற்கு 4 மி.மீ. உருண்டை அரம். சீன மெஷினில் பெரும்பாலும் .325 செயின், அதற்கு 4.8 மி.மீ. அரம். சைஸ் மாறினால் பல்லின் கொக்கி வளைவே மாறிவிடும். பெரிய அரத்தை வைத்து ராவினால் பல் செங்குத்தாக நின்று மரத்தைத் தேய்க்கும், கடிக்காது.

அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல் விளிம்புக்கு மேலே நிற்க வேண்டும். மேல்பக்கக் கோணம் 30 டிகிரி. உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ள வேண்டும். திரும்பி இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒரு டேங்க் பெட்ரோல் தீர்ந்தால் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு மூன்று தள்ளு. அவ்வளவு போதும். மரத்திலிருந்து செதில் செதிலாக விழுந்தால் செயின் நன்றாக இருக்கிறது. மாவு மாதிரி கொட்டினால், எஞ்சின் எத்தனை சுற்று சுற்றினாலும் பயன் இல்லை.

பல்லுக்கு முன்னால் இருக்கும் மொட்டை மேடு, அதாவது டெப்த் கேஜ், பல் நுனியைவிட 0.65 மி.மீ. தாழ இருக்க வேண்டும். ஈரமான சில்வர் ஓக்குக்கு 0.75 வரை தாழ்த்தலாம். சின்ன எஞ்சினும் தாங்கும். காய்ந்த புளி, சீமைக்கருவேலம் என்றால் 0.6-லேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் தாழ்த்தினால் 32 சிசி மெஷின் திணறி நிற்கும்; செயின் ஓடும் தகடான பாரின் நுனி மேலே தூக்கி அடிக்கிற ஆபத்தும் கூடும். தென்னையில் வேறு சங்கதி: நாருக்குள் மண்ணும் மணலும் கலந்து இருக்கும், ஓரிரு துண்டு போடுவதற்குள் முனை போய்விடும். நார் ஸ்ப்ராக்கெட் (செயினைச் சுழற்றும் பல்சக்கரம்) மூடிக்குள் திணிந்து ஆயில் துளையையும் அடைக்கும். அரை மணிக்கு ஒருமுறை மூடியைக் கழற்றித் தட்டுங்கள்.

பார் நீளத்தையும் கவனியுங்கள். சீன மெஷினோடு 22 அங்குல பார் கொடுப்பது விற்பனைக்கு அழகு. வேலைக்கு 16 அல்லது 18 போதும். நீளம் குறைந்தால் உராய்வு குறையும், அதே எஞ்சின் துள்ளும். 32 சிசி-க்கு 14 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள்.

ஸ்ப்ராக்கெட் பல் மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 3/8 லோ ப்ரொஃபைலின் பிட்ச் 9.32 மி.மீ. ஆறு பல் ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்றுக்கு 2 × 9.32 × 6, அதாவது சுமார் 112 மி.மீ. செயினை நகர்த்தும். 9,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 16.8 மீட்டர். ஏழு பல் போட்டால் 19.6 மீட்டர். வேகம் ஆறில் ஒரு பங்கு கூடும், இழுவை ஏழில் ஒரு பங்கு குறையும். கைத்தடிமன் கிளைகளை மட்டும் கழிக்கிற மெஷினுக்கு ஏழு பல் சுகம். அடிமரம் அறுக்கிற மெஷினுக்கு ஆறுதான். வேகம் கூட்டினால் பாருக்கு எண்ணெய் போதுமான அளவு போகிறதா என்றும் பாருங்கள்: ஒரு அட்டைக்கு மேலே பார் நுனியைப் பிடித்து முடுக்கினால் அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

கசிவு இருக்கும்போது எதையும் தொடாதீர்கள்

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டருக்கு அடியில் உள்ள கிராங்க்கேஸே காற்றையும் பெட்ரோலையும் இழுக்கும் பம்ப். அதில் ஒரு இடத்தில் காற்று உள்ளே இழுத்தால் கலவை மெலியும் (காற்றுக்குப் பெட்ரோல் குறையும்), பிஸ்டன் சூடேறும். இன்டேக் ரப்பர் பூட் (கார்புரேட்டரைச் சிலிண்டரோடு இணைக்கும் ரப்பர்) வெடிப்பு, கிராங்க் ஆயில் சீல் தேய்மானம், கார்புரேட்டர் பேக்கிங், இம்பல்ஸ் (கிராங்க்கேஸ் அழுத்தத்தைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோகும் வழி) கசிவு, இவைதான் வழக்கமான இடங்கள். சீன மெஷினில் இன்டேக் பூட்டை எப்போதும் சந்தேகப்படுங்கள். பூட்டை வளைத்துப் பார்த்தால்தான் மடிப்புக்குள் உள்ள கீறல் தெரியும்.

சோதிக்கும் முறை: இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பர் தகடு வைத்து அடைத்து, பிளக் துளை வழியாகவோ இம்பல்ஸ் வழியாகவோ கைப்பம்பால் 0.5 பார் அழுத்தம் கொடுங்கள். 20 விநாடி இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீர் தடவினால் குமிழி இடத்தைக் காட்டும். அடுத்து அதே அளவு வேக்குவம். இதைத் தவிர்க்காதீர்கள். ஆயில் சீலின் உதடு அழுத்தத்துக்கு இறுகி நல்லபடியாக நடிக்கும். வேக்குவத்தில்தான் கசிவு வெளிப்படும்.

பெட்ரோல் டேங்கின் மூச்சுத் துளை அடைந்தாலும் இதே விளைவுதான். பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு சுருதி ஏறி, அணைந்து போகிற மெஷினின் டேங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். அப்படியானால் வென்ட்டைச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள்.

சைலன்சரைத் திறப்பது

இந்தச் சின்ன மெஷின்களில் சத்தத்தையும் புகையையும் அடக்குவதற்காக சைலன்சர் வாயை மிகக் குறுக்கி வைத்திருப்பார்கள். எக்ஸாஸ்ட் போர்ட் பெரிதாக இருந்தும் வெளியேறும் வழி சின்னது. அதைத் திறப்பதுதான் குறைந்த செலவில் அதிக பலன் தருகிற வேலை.

எவ்வளவு திறப்பது? கண்மூடித்தனமாகத் துளைக்கக் கூடாது. சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் போர்ட்டின் அகலத்தையும் உயரத்தையும் வெர்னியரில் அளவெடுங்கள். உதாரணத்துக்கு 22 × 11 மி.மீ. என்றால் 242 சதுர மி.மீ.; மூலை வளைவுக்குப் பத்து சதவீதம் கழித்தால் 218. வெளிவாயின் மொத்தப் பரப்பு அதில் 75 சதவீதம் இருந்தால் போதும், அதாவது 163. ஏற்கனவே 10 மி.மீ. துளை ஒன்று இருந்தால் அது 78. பாக்கி 85-க்கு 10.5 மி.மீ. துளை ஒன்று சரியாக வரும். 80 சதவீதத்தைத் தாண்டினால் சத்தம்தான் கூடும், கீழ்ச்சுற்று இழுவை குறையும்.

சைலன்சரைக் கழற்றிய பிறகுதான் துளை போட வேண்டும். எஞ்சினில் மாட்டியபடி துளைத்தால் இரும்புத் துகள் போர்ட்டுக்குள் போகும். துளைத்த பிறகு உள்ளே உள்ள பிசிறை ராவி, பெட்ரோலில் அலசி, தட்டி, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். எக்ஸாஸ்ட்டில் அழுத்த அலை முன்னும் பின்னும் போய்வரும். தங்கிய துகளை அது சிலிண்டருக்குள் திரும்ப இழுக்கும்.

புதுத் துளை பார்க்கும் திசை: செயின் பிரேக் பிடிமானம், பெட்ரோல் டேங்க், பிளாஸ்டிக் மூடி எதையும் சூடான புகை தொடக் கூடாது. எம்எஸ் 180 போன்றவற்றில் எஞ்சினைச் சுற்றி இருப்பதெல்லாம் பிளாஸ்டிக். தவறான பக்கம் திறந்தால் ஒரே நாளில் உருகும்.

தீப்பொறி வலையைத் தூக்கி எறிவது எனக்கு ஒப்புதல் இல்லாத காரியம். மாசி தொடங்கி சித்திரை வரை சேர்வராயன் மலையில் புல்லும் சில்வர் ஓக் சருகும் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் நிலையில் இருக்கும். கரி படிந்த சைலன்சரிலிருந்து ஒரு சிவந்த துகள் போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையைத் துளையின் வாயிலேயே ஒட்டினால் கம்பிகள் பரப்பில் பாதியை விழுங்கிவிடும். அதனால் சைலன்சரின் உள்பக்கம், துளையைவிட மூன்று நான்கு மடங்கு பெரிய பரப்பில் வலையை வளைத்து வைத்து வெல்டு செய்யுங்கள். வழியும் குறையாது, பொறியும் வெளியே வராது. இரு வாரத்துக்கு ஒருமுறை வலையை எரித்துத் தட்டுங்கள்.

கேட்டலிடிக் சைலன்சர் கொண்ட மெஷினையும், எரியாத கலவை வெளியேறாமல் இருக்கத் தனிக் காற்று வழி வைத்த புது வகை எஞ்சின்களையும் இப்படி நோண்டாதீர்கள். அவற்றில் கிடைக்கிற லாபம் குறைவு, தலைவலி அதிகம். எந்த மெஷினானாலும் வாரண்டி இந்த வேலையோடு போய்விடும். காதுக்கு மஃப் இல்லாமல் திறந்த சைலன்சரோடு அறுக்காதீர்கள்.

கலவை: இங்கேதான் உயிர்

சைலன்சரைத் திறந்தால் எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கும். பெட்ரோலும் அதற்கேற்பக் கூட வேண்டும். திறந்துவிட்டு கார்புரேட்டரைத் தொடாமல் ஓட்டினால் மெஷின் பிரமாதமாகப் பாடும், கொஞ்ச நாளில் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.

முதலில் உங்கள் கார்புரேட்டரில் ஹெச் ஸ்க்ரூ, அதாவது மேல்சுற்றுக் கலவையைத் திருத்தும் ஸ்க்ரூ, இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே திருகினால் கலவை மெலியும், வெளியே எடுத்தால் தடிக்கும். எம்எஸ் 170, 180 பலவற்றில் மேல்சுற்று ஜெட் நிலையானது. கீழ்ச்சுற்றுக் கலவைக்கான எல் ஸ்க்ரூவும் ஐடில் ஸ்க்ரூவும் மட்டுமே இருக்கும். அப்படியானால் ஹெச் ஸ்க்ரூ உள்ள பொருந்தும் கார்புரேட்டர் வாங்கி மாட்டிய பிறகே சைலன்சரைத் திறக்க வேண்டும்.

இதற்கு மேல் பெட்ரோல் பிரச்சினை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், அதே ஜெட் அளவில் கலவை ஏழெட்டு சதவீதம் மெலிந்துவிடும். மலையில் காற்று குறைந்து கலவை தடிப்பதையும், இ20 மெலிப்பதையும் சேர்த்துப் பாருங்கள்: மேலே ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். அதனால் ஏற்காட்டில் 'எதுவும் செய்யாமலே நன்றாக ஓடுது' என்று தோன்றும். அதே மெஷின் சேலத்தில் மெலிந்த கலவையில் ஓடும். மேலே கொஞ்சம் ஹெச்சை உள்ளே திருகிவிட்டும் இறங்கினால் கேட்கவே வேண்டாம்.

எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஏற்காட்டு மூடுபனிக் காலத்தில் பாதி கேனில் மூடி தளர்ந்து கிடக்கிற பெட்ரோலை நம்பாதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்குத் தேவையான அளவு மட்டும் கலக்குங்கள். வேலை முடிந்து மெஷினை ஒதுக்கி வைத்தால் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டர் வற்றும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் குழாய் மெத்தென்று ஊதிப்போகும், கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் விறைக்கும். இரண்டும் மேலும் மெலிய வைக்கும். குழாயை விட்டான் ரப்பரில் மாற்றுவது நல்லது.

ஆயில்: நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில், ஜாசோ எஃப்டி தரம். லிட்டருக்கு 20 மி.லி. என்பது 50:1. இழுவை ஏற்றிய மெஷினுக்கு 25 மி.லி., அதாவது 40:1 என் தேர்வு. ஒன்றை நினைவில் வையுங்கள்: ஆயில் கூடினால் அதே அளவு திரவத்தில் பெட்ரோல் குறையும், கலவை ஒரு பொடி மெலியும். விகிதத்தை மாற்றினால் மறுபடி ட்யூன் செய்ய வேண்டும். கேனுக்குக் கேன் மாற்றக் கூடாது.

ட்யூன் செய்யும் முறை இது. ஏர் ஃபில்டர் சுத்தம், செயின் கூர். எல், ஹெச் இரண்டையும் மெல்ல உள்ளே முட்டும்வரை திருகி (இறுக்காதீர்கள், ஊசி முனை போய்விடும்) ஒரு சுற்று வெளியே எடுங்கள். சைலன்சர் திறந்திருந்தால் ஹெச்சை இன்னும் கால் சுற்று கூடுதலாக. இரண்டு மூன்று நிமிடம் மரத்தில் அறுத்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த எஞ்சினில் வைத்த ட்யூன் நிற்காது.

எல் ஸ்க்ரூவில் தொடங்குங்கள். ஐடிலில் சுற்று அதிகமாகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று வெளியே. த்ராட்டிலைத் தட்டினால் தயங்காமல் ஏற வேண்டும். தயங்கினால் இன்னும் கொஞ்சம் வெளியே. அப்புறம் ஐடில் ஸ்க்ரூவில் செயின் நகராதபடி குறையுங்கள்.

ஹெச்சுக்குக் காதுதான் கருவி. சுமை இல்லாமல் முழு த்ராட்டில், மூன்று நான்கு விநாடிக்கு மேல் வேண்டாம். கலவை சரியாகத் தடித்திருந்தால் சத்தம் 'பர்ர்ர்' என்று உடைந்து கேட்கும். ஒன்று விட்டு ஒரு சுற்றில் எரிகிற அந்தச் சத்தத்தை ஃபோர் ஸ்ட்ரோக் அடிக்கிறது என்பார்கள். அப்படியே பாரை மரத்தில் இறக்குங்கள். சுமை ஏறியதும் அந்த உடைசல் மறைந்து இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி சுத்தமான சுருதி வர வேண்டும். பாரைத் தூக்கியதும் மறுபடி 'பர்ர்ர்'. இந்த மாற்றம் தெளிவாகக் கேட்டால் ஹெச் சரியான இடத்தில் நிற்கிறது. சுமையிலும் உடைந்தே கேட்டால் எட்டில் ஒரு சுற்று உள்ளே. சுமை இல்லாதபோதே சுத்தமாகக் கீச்சிட்டால் ஆபத்து: உடனே வெளியே திருகுங்கள்.

டேக்கோமீட்டர் இருந்தால், மெஷின் புத்தகத்தில் போட்டிருக்கும் உச்ச ஆர்பிஎம்மைவிட 500 குறைவாக நிறுத்துங்கள். சில இக்னிஷன் காயில்களில் சுற்று வரம்பு உண்டு. வரம்பில் தட்டும்போது வரும் விட்டு விட்டு வெடிக்கும் சத்தம் ஃபோர் ஸ்ட்ரோக் அடிப்பதைப் போலவே ஏமாற்றும். அப்படிப்பட்ட மெஷினில் ஹெச்சை அரைச் சுற்று வெளியே எடுத்துத் தெளிவாகத் தடித்த சத்தத்தை முதலில் கேட்டுப் பழகி, அங்கிருந்து மெல்ல உள்ளே வாருங்கள். எம்-ட்ரானிக் போன்று தானே கலவையைத் திருத்திக்கொள்ளும் மெஷினுக்கு இந்தத் தொல்லை இல்லை. உயரத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கம்ப்ரஷன்

பேஸ் பேக்கிங் உள்ள மெஷினில் அடுத்த படி இது. சீன 54.6 சிசி-யில் சிலிண்டருக்கு அடியில் பொதுவாக அரை மி.மீ. பேக்கிங் இருக்கும். எம்எஸ் 180-ல் இந்தப் பேக்கிங்கே கிடையாது, சிலிண்டர் கீழ்த்தட்டோடு சீலன்ட்டில் உட்காரும். அங்கே இந்த வழி இல்லை.

பிஸ்டன் மேலே முட்டும்போது சிலிண்டர் தலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளிதான் ஸ்க்விஷ். 1.2 மி.மீ. ஈயக் கம்பியை, ரேடியோ சால்டரிங் கம்பியே போதும், பிளக் துளை வழியாக சிலிண்டர் சுவர்வரை நுழைத்து, பிஸ்டன் பின் ஓடும் திசையில் பிடித்து, ஃப்ளைவீலைக் கையால் ஒருமுறை சுற்றுங்கள். நசுங்கிய நுனியை மைக்ரோமீட்டரில் அளவெடுங்கள். இரண்டு பக்கமும் எடுத்துச் சராசரி பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் நீட்டினால் பிஸ்டன் சாய்ந்து பொய் அளவு காட்டும்.

1 மி.மீ. சுற்றி வந்தால் பேக்கிங்கை எடுத்துவிட்டு, பெட்ரோலைத் தாங்கும் சீலன்ட்டை மெல்லிய படலமாகத் தடவி மாட்டலாம், சுமார் 0.5 மி.மீ. மிஞ்சும். அதற்குக் கீழே போகாதீர்கள். முழுச் சுற்றில் கனெக்டிங் ராடு நீளும், கரி படியும், பிஸ்டன் தலையில் தட்டும். முதலிலேயே 0.8 இருந்தால் பேக்கிங்கைத் தொடாமல் விடுங்கள்.

சிலிண்டர் அரை மி.மீ. இறங்கினால் எல்லா போர்ட்டும் இறங்கும். எக்ஸாஸ்ட் சுமார் இரண்டு டிகிரி தாமதமாகத் திறக்கும், இன்டேக் சற்று முன்னதாகத் திறக்கும். கீழ்ச்சுற்று இழுவைக்கு இது நல்லதே. அடிமரம் அறுப்பவருக்கு இதுவே போதும். போர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை.

எம்எஸ் 170 பழைய வகை வைத்திருப்பவருக்கு இன்னொரு வழி: 37 மி.மீ. போர் சிலிண்டருக்குப் பதில் 180-ன் 38 மி.மீ. சிலிண்டரும் பிஸ்டனும். ஸ்ட்ரோக் இரண்டிலும் 28 மி.மீ.தான். 30.1 சிசி 31.8 ஆகும். பைக் சிலிண்டர் மாதிரி லேத்தில் போர் போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். செயின்சா சிலிண்டருக்குள் இருப்பது கடினமான முலாம், அதைக் கடைந்தால் அடியில் மெத்தென்ற அலுமினியம்தான்.

போர்ட்

இதில் சுருக்கமாகத்தான் சொல்வேன். இதைக் கையில் எடுக்கிறவர் டிகிரி வீல் வைத்து டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம், கண்டுபிடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். வேலைக்குப் போகிற மெஷினில் எக்ஸாஸ்ட் டிடிசி-க்குப் பின் 100 டிகிரி சுற்றிலும், டிரான்ஸ்ஃபர் (கிராங்க்கேஸிலிருந்து கலவை சிலிண்டருக்குள் ஏறும் போர்ட்) 120 சுற்றிலும் திறப்பது நல்ல அளவு. இரண்டுக்கும் நடுவே இருபது டிகிரி இருக்கட்டும். எக்ஸாஸ்ட்டை மேலே உயர்த்தினால் மேல்சுற்றில் கத்தும், மரத்தில் அழுத்தினால் சாகும். 32 சிசி-யில் இது கூடவே கூடாது.

அகலப்படுத்துவது பயன் தரும்: பக்கத்துக்கு ஒரு மி.மீ., மொத்த அகலம் போர் விட்டத்தில் 65 சதவீதத்துக்குள். ராவுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். பிஸ்டனின் பக்கச்சுவர் புது அகலத்தை முழுக்க மூடுகிறதா? ரிங் முனையைப் பிடிக்கும் பின் எங்கே இருக்கிறது? ரிங்கின் வாய் போர்ட்டுக்குள் வந்தால் கொக்கி மாட்டி ஒடிந்துவிடும். டை கிரைண்டரின் கல் முனையை எக்ஸாஸ்ட் வழி உள்ளே விட்டு, வெளியிலிருந்து சிலிண்டர் நோக்கி மெதுவாக. முலாம் உரியாமல் இருக்க விளிம்பைக் கடைசியில் சிறிதாகச் சாய்த்து, 400 எமரியில் மழுக்குங்கள். பிறகு சோப்பும் சுடுநீரும் போட்டு இரண்டு முறை கழுவி எண்ணெய் தடவுங்கள்.

ஃப்ளைவீல் கீயை அரை மி.மீ. ராவி இக்னிஷனை நாலைந்து டிகிரி முன்னே தள்ளுவதும் உண்டு. சேலத்து ஏப்ரல் வெயிலில், மெலிந்த கலவையோடு அது சேர்ந்தால் பிஸ்டன் தலை தாங்காது. கயிறு கையைத் திருப்பி இழுக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிடித்துக்கொண்ட பிஸ்டனைப் பிரித்தால் அதுவே காரணத்தைச் சொல்லும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் செங்குத்துக் கீறல் என்றால் மெலிந்த கலவை அல்லது காற்றுக் கசிவு. இன்டேக் பக்கம் மங்கலான தேய்மானம் என்றால் ஃபில்டர் வழியே தூசி. நாலு பக்கமும் கீறல் என்றால் ஆயில் இல்லாத பெட்ரோல், அல்லது சிலிண்டரைக் குளிர்விக்கும் ஃபின்களில் ஒட்டிய மரப்பாலும் மரத்தூளும் காற்றை அடைத்த சூடு.

இறங்குவதற்கு முன்

ஹெச் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் கார்புரேட்டர் உடம்பில் இரண்டு பெயின்ட் புள்ளி வையுங்கள்: சேலத்தில் ட்யூன் செய்த இடத்துக்கு வெள்ளை, ஏற்காட்டுக்குச் சிவப்பு. ஸ்க்ரூவின் காடியில் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் எட்டில் ஒரு சுற்றுதான் வித்தியாசம் வரும், உங்கள் மெஷினில் ஒருமுறை காதால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மலையில் வேலை முடிந்து மெஷினை ஜீப்பில் ஏற்றும்போதே, கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், கோட்டை வெள்ளைக்குத் திருப்பிவிடுங்கள். மேலே ஏறும்போது மறந்தால் புகையும் மந்தமும்தான், பிளக்கைத் துடைத்தால் சரியாகிவிடும். இறங்கும்போது மறந்தால் முதல் புளியமரத்தில் சிலிண்டர் போகும்.